புதிய வேலையும் பழைய உறவுகளும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று நம் முன்னோர் கூறி வந்தனர். இன்று அந்த லட்சணம் ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவாகிவிட்டது. மகனுக்கோ மகளுக்கோ முதல் வேலை கிடைத்த செய்தி வந்ததும் இனிப்பு வழங்குகிறோம். படிக்கவைத்த பாடு வீண்போகவில்லை என்று மகிழ்கிறோம். ஆனால் மூன்று மாதங்கள் சென்றபின் அதே இல்லத்தில் ஒரு முறையீடு எழுகிறது. “சம்பளம் தருகிறான், முகங்கொடுத்துப் பேசுவதில்லை” என்று தாய் வருந்துகிறார். “வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் கைப்பேசிதான்” என்று தந்தை கடிந்துகொள்கிறார். பிள்ளையோ, “எனக்கு மூச்சுவிடவும் நேரமில்லை” என்கிறான். மூவர் கூறுவதிலும் உண்மை உண்டு. ஆகையால் யார்மீது குற்றம் என்று ஆராய்வதை விடுத்து, நேரம் எங்கே போகிறது என்று ஆராய்வோம்.

கடிகாரத்தின் கோளாறு

சென்னை தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கணினி நிறுவனங்கள் பெருகின. அங்கு நடைபெறும் பணிகளுள் பல, அமெரிக்க வாடிக்கையாளருக்காகச் செய்யப்படுபவை. நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 6.30, அங்குக் குளிர்காலமாயின் இரவு 7.30. அவர்கள் அலுவலகம் திறக்கும் வேளையில்தான் நம் இல்லங்களில் விளக்கேற்றி, செபம் சொல்லி, உணவுக்கு அமர்கிறோம். குடும்பம் கூடும் அந்த வேளையையே அலுவலகம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளையின் பாசம் குறைந்துவிட்டதென்று பெற்றோர் வருந்துமுன், பூமி சுழலும் முறையையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

எஞ்சும் மணிகள்

வாரத்திற்கு 168 மணி நேரம். வேலைக்கு நாளொன்றுக்கு 9 மணியாக ஐந்து நாளைக்கு 45. போக்குவரத்துக்கு 3 மணியாக 15. உறக்கத்திற்கு 8 மணியாக ஏழு நாளைக்கு 56. குளியல், உணவு, துணி துவைத்தல் முதலியவற்றிற்கு 3 மணியாக 21. ஆக மொத்தம் 137. எஞ்சுவது 31 மணி. ‘நேரமே இல்லை’ என்ற கூற்று இக்கணக்கின் முன் நிற்பதில்லை.

ஆயினும் இந்த 31 மணியும் ஒரே கட்டாகக் கைக்கு வருவதில்லை. கால் மணி, அரை மணி என்று சில்லறையாகவே வருகிறது. சில்லறைக் காசு எங்கே செலவாயிற்று என்று தெரியாமலே கரைவதுபோல, இந்நேரமும் கைப்பேசித் திரையில் கரைந்துவிடுகிறது. நாளொன்றுக்கு இரண்டரை மணி அதில் செலவாயின், வாரத்திற்குப் பதினேழரை மணி. எஞ்சியதில் பாதிக்கும் மேல்!

தொலைவிலுள்ள நண்பர்கள்

இவ்விடத்தில் பெற்றோர் ஒன்றை உணர வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குப் பணி முடித்துத் தனியறைக்குத் திரும்பும் இளைஞனோடு பேச யார் விழித்திருக்கிறார்கள்? வீடு உறங்குகிறது, தெரு உறங்குகிறது. டொராண்டோவிலுள்ள பள்ளித் தோழனுக்கு அப்பொழுது மாலை வேளை. அவனோடு பேசும் பத்து நிமிடமே அந்நாளின் ஆறுதலாக இருத்தல் கூடும். முகம் காணாத நட்பு பொய்யான நட்பு என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் நட்பிற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மனிதரால் ஏறத்தாழ 150 பேரோடுதான் உறவைப் பேணிக்காக்க இயலும் என்றும், அவர்களுள் மிக நெருங்கியவர் ஐவர் அளவிலேயே இருப்பர் என்றும் பிரிட்டிஷ் அறிஞர் ராபின் டன்பார் 1990களில் கருத்துரைத்தார். பத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாது வரும் செய்திகளுக்கெல்லாம் மறுமொழி தருவோர், அந்த ஐவருக்கு உரிய நேரத்தைப் பிறருக்குப் பங்கிட்டுவிடுகின்றனர். அந்த ஐவருள் தாய்தந்தையருக்கு இடமுண்டா என்று இளைஞர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

விரல்கள் மறவாதிருக்க

முதலில் கைவிடப்படுவது பொழுதுபோக்கே. பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த விரல்கள் ஆறே மாதத்தில் தடுமாறத் தொடங்குகின்றன. தனியே செய்வதைக் காட்டிலும் பிறரோடு கூடிச் செய்யும் கலையும் விளையாட்டும் நீடித்து நிற்கும். நாம் வாராவிடில் ஆட்டத்திற்கு ஓர் ஆள் குறையும் என்ற எண்ணமே நம்மை அழைத்துச் செல்லும். வாரத்திற்கு இரண்டு மணியேனும் அதற்கென ஒதுக்குதல் வீண் அன்று. மேலதிகாரியின் கடுஞ்சொல்லை மறக்கச் செய்யும் மருந்து அது.

போராடிப் பெற்ற ஓய்வு

உழைப்புக்கு எட்டு, மகிழ்ச்சிக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு என்று ஒரு நாளை வகுக்க வேண்டும் என 1817லேயே ராபர்ட் ஓவன் வலியுறுத்தினார். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை, தொழிற்கூடங்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. பணிநேரம் முடிந்தபின் அலுவலக அழைப்புகளுக்கு விடைகூறாதிருக்கும் உரிமையைப் பிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இத்தனை பேர் போராடிப் பெற்ற ஓய்வை நாமே திரைக்குக் காணிக்கையாக்கலாமா?

இரு பக்கமும் வளைவோம்

இளைஞரே! முதல் மூன்று மாதங்களில் நீங்கள் எதை அனுமதிக்கிறீர்களோ, அதுவே பின்னர் வழக்கமாகிவிடும். நள்ளிரவு அழைப்புக்கெல்லாம் முதல் வாரத்திலேயே ஓடினால், ஓராண்டு கழித்து மறுக்க இயலாது. எந்நேரம் வரை கிடைப்பீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பணிவுடன் தெரிவித்துவிடுங்கள். வீட்டாரோடு உண்ணும்போது கைப்பேசியை வேறோர் அறையில் வையுங்கள்.

பெற்றோரே! இரவு உணவுக்குப் பிள்ளை வர இயலாதெனில், குடும்ப உணவை வேறு வேளைக்கு மாற்றுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்தபின் அனைவரும் கூடி உண்ணும் காலை இட்லியும் குடும்ப உணவே. பகலில் உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்னாதீர். வெளியூரில் இருப்பவனை, ‘ஏன் பேசவில்லை?’ என்ற கேள்வியோடு அழையாமல், ‘சாப்பிட்டாயா?’ என்று அழையுங்கள்.

பணியிடத்தில் நம் நாற்காலியில் நாளை வேறொருவர் அமரலாம். உணவு மேசையில் நம் இடம் நமக்காகவே காத்திருக்கிறது. எஞ்சிய 31 மணியில் எத்தனை மணி அவ்விடத்திற்கு என்று இந்த வாரமே வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்வோம்.