இன்குபேட்டரில் தேறி வந்த இரட்டைக் குழந்தைகள்: வீட்டில் கோட்டை விட்டுடாதீங்க!

விளாங்குடி:

குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் இன்குபேட்டரில் கிடந்து, தேறி வீடு வந்து சேர்ந்தால், 'அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு' என்று குடும்பமே பெருமூச்சு விடும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னும் உஷாரா இருக்கணும் என்கிறார்கள் டாக்டர்கள்.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைப்பிரசவம். இரட்டைக் குழந்தைகள் இப்படி முந்திப் பிறப்பது சகஜம். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் இருந்து '102' வண்டியில் இலவசமாக விளாங்குடி வரை கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். காம்பவுண்டு வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்ததும் பக்கத்து வீடு, எதிர்வீடு என்று கூட்டம் கூடிவிடும். ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுவார்கள். அங்கேதான் வம்பே! இந்தப் பிஞ்சுகளுக்கு சாதாரண சளி கூட நுரையீரல் வரை போய்விடும். சங்கடமாக இருந்தாலும் 'ஒரு மாசம் கழிச்சு வாங்கக்கா' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். தூக்குகிறவர்கள் சோப்பு போட்டு கை கழுவாமல் தொடக்கூடாது. சாம்பிராணி புகை, கொசுவர்த்தி, பீடி புகை எதுவுமே ஆகாது.

நெஞ்சுச் சூடு

மதுரை வெயிலில் குழந்தைக்கு குளிருமா என்று கேட்கலாம். குளிரும். உடம்பில் கொழுப்பு இல்லாததால் இந்தக் குழந்தைகளால் சூட்டை பிடித்து வைக்க முடியாது. வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து.

அதற்கு மருந்து தாயின் நெஞ்சுதான். 'கங்காரு' முறையில் குழந்தைக்கு குல்லாவும் துணியும் மட்டும் போட்டு, வெறும் நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி அணைத்து, மேலே சேலையால் கட்டிக்கொள்ள வேண்டும். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர்கள் கண்டுபிடித்த வழி இது. நம்ம நாடு உள்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வு முடிவு 2021-ல் வெளியானது. பிறந்த உடனே இப்படி அணைத்த எடை குறைந்த குழந்தைகளிடையே சாவு 25 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. தினமும் 8 மணி நேரத்துக்கு குறையாமல் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டு குழந்தையையும் ஒருத்தியே எப்படி சுமப்பாள்? ஒன்றை அப்பா நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம். பாட்டியும் செய்யலாம். வேலை முடிந்து வரும் அப்பா குளித்துவிட்டு சட்டையை கழற்றி உட்கார்ந்தால் போதும்.

24 தடவை பால்

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் இரண்டு குழந்தைக்கும் சேர்த்து நாளைக்கு 24 தடவை பால் கொடுக்க வேண்டும். உறிஞ்ச தெம்பு இல்லாத குழந்தைக்கு பாலை பீய்ச்சி பாலாடையில் புகட்ட வேண்டும். தூங்குகிறதே என்று விடக்கூடாது, எழுப்பிக் கொடுக்கணும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கிரைப் வாட்டர் பக்கமே போகாதீர்கள். தாய்க்கு தூக்கம் இல்லாவிட்டால் பாலும் குறையும். சமையல், துணி துவைப்பை மற்றவர்கள் எடுத்துக்கொண்டால்தான் வண்டி ஓடும்.

கண் பரிசோதனை

பலரும் கோட்டை விடுவது இதில்தான். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய் முழுசாக வளர்ந்திருக்காது. அது தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போய்விடும். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும். அமெரிக்க பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் 6 வாரம் முந்திப் பிறந்து இப்படித்தான் பார்வை இழந்தார்.

34 வாரத்துக்கு முன்பு அல்லது 2 கிலோவுக்கு குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை முடித்தாக வேண்டும். ரொம்ப சின்னக் குழந்தை என்றால் 2, 3 வாரத்திலேயே. ஒரு தடவையோடு முடியாது, டாக்டர் சொல்லும் தேதியில் திரும்பப் போகணும். நேரத்தோடு பிடித்தால் லேசர் அல்லது ஊசி மூலம் காப்பாற்றலாம். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலேயே இதற்கு சிகிச்சை இருக்கிறது. 'வெளியே தூக்கிட்டு போனா காத்து கருப்பு அடிக்கும்' என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தாலும் இந்தத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரட்டையில் ஒன்றுக்கு நல்லா இருந்தால் மற்றதுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்குமே பார்க்கணும். காது பரிசோதனையும் அப்படித்தான்.

தடுப்பூசிக்கு பிறந்த தேதிதான் கணக்கு. தலை நிற்பது, குப்புற விழுவதற்கு மட்டும் வேறு கணக்கு. 2 மாதம் முந்திப் பிறந்த குழந்தையை 6 மாதத்தில் 4 மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். 'எதிர்வீட்டு புள்ள உட்காந்துருச்சே' என்று புலம்ப வேண்டியதில்லை.

பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளே இழுப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது காய்ச்சல், வலிப்பு, உள்ளங்கை பாதம் மஞ்சளாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உரம் எடுக்க அலையாமல் உடனே '108'-ஐ கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரையிலும், போகும் வழியிலும் குழந்தை தாய் நெஞ்சோடேயே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.