ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அறுந்துபோகாத ஒலி

சென்னை வானொலியின் நிலையம் காமராஜர் சாலையில், கடற்கரைக்கு எதிரே இருக்கிறது. அதன் மத்திய அலை ஒலிபரப்பி திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில். இந்த இரண்டுக்கும் இடையிலான இணைப்பு நிரந்தரமானது. பொறியாளர்கள் நாள்தோறும் கவனிப்பது. கோயில் திருவிழா, கச்சேரி, கிரிக்கெட் ஆட்டம் என வெளியிடத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பும்போது களத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே போடுகிற இணைப்பு அப்படியல்ல. காலையில் போட்டு மாலையில் கழற்றுவது. ஒலிபரப்பு நடுவில் நின்றால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

சென்னை நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16-இல். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு வெளிப்புற ஒலிபரப்பு என்றால் தொலைபேசிக் கம்பிதான். சாதாரணத் தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். வர்ணனைக்கு அது போதும். மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தாளத்தின் கணீர் ஒலியும் அதில் வராது; இசைக்கென்று தரமான தனித் தடம் வேண்டியிருந்தது. பிறகு வந்த ஐஎஸ்டிஎன் என்னும் டிஜிட்டல் தொலைபேசிச் சேவை, விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் இரண்டு தடங்களைத் தந்தது. எண்ணைச் சுழற்றியதிலிருந்து வைக்கும்வரை அந்தப் பாதை அழைத்தவருக்கே சொந்தம். வேறு யாரும் நடுவில் நுழைய முடியாது. அந்தச் சேவை உலகெங்கும் படிப்படியாக மூடப்பட்டு வருகிறது.

இன்று அந்த இடத்தில் இணையம். களத்தில் உள்ள கோடெக் கருவி ஒலியைச் சிறு பொட்டலங்களாக நறுக்கி அனுப்ப, நிலையத்தில் உள்ள கருவி அவற்றைச் சேர்த்து மீண்டும் ஒலியாக்கும். 2012-இல் தரநிலையான ஓபஸ் ஒலிச்சுருக்க முறையில், 64 கிலோபிட் இருந்தாலே பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரு மணி நேர ஒலி மட்டும் 29 எம்பி கூட ஆகாது. ஆகவே, ‘எத்தனை ஜிபி பேக்’ என்பது கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 20 மில்லிவிநாடி ஒலியைச் சுமக்கிறது. விநாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் இடைவெளி பிசகாமல் வந்து சேர வேண்டும். சில தாமதமானால் நிலையத்துக் கருவி சற்றுக் காத்திருந்து சமாளிக்கும். தொடர்ந்து தாமதமானால் சொற்கள் விழுங்கப்படும்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் காவடிகளோடு லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். முந்தின நாள் அங்கே போய் வேகம் பார்த்தால் எல்லாம் பிரமாதமாக இருக்கும். பார்க்க வேண்டியது பதிவிறக்க வேகத்தையல்ல, பதிவேற்ற வேகத்தை. அதையும் கூட்டம் நெரிகிற வேளையில். அலங்காரத்தை எல்லோரும் வீடியோ எடுத்து அனுப்பத் தொடங்கினால் டவரின் ஏறுபாதை நிரம்பிவிடும். அப்போதும் திரையில் சிக்னல் கோடுகள் முழுசாகவே நிற்கும். நல்ல ஏமாற்று அது.

இரண்டு சிம் வைத்திருக்கிறோம் என்பதும் அரைத் தைரியமே. இரு நிறுவனங்களின் ஆன்டெனாக்களும் ஒரே கோபுரத்தில், ஒரே ஜெனரேட்டரை நம்பி இருக்கலாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரை கடந்தபோது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மின்சாரம் போனது, செல்பேசிச் சேவையும் முடங்கியது. மீஞ்சூர், வள்ளூர், பழவேற்காடு போன்ற கடலோரப் பகுதிகளில் மழைக்கால ஒலிபரப்பைத் திட்டமிடுவோர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒன்று தரைவழி ஃபைபர், மற்றொன்று செல்பேசி என்று இருந்தால் இரண்டும் ஒருசேர விழுவது அரிது. செயற்கைக்கோள் இன்னொரு வழி. ஆனால் புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி போய் பதில் வர அரை விநாடிக்குக் குறையாது. உரையாடலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள்.

தாமதம் எந்த இணைப்பிலும் ஓரளவு உண்டு. ஆகவே வர்ணனையாளரின் காதுக்கு நிலையத்திலிருந்து திரும்பி வரும் ஒலியில் அவருடைய குரலை நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும். தன் பேச்சே அரை விநாடி கழித்துக் காதில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் நாக்கு குழறும்.

யார் யாரை அழைப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். செல்பேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதால், நிலையத்துக் கருவியால் களத்துக் கருவியை நேரடியாகத் தேடிப் பிடிக்க முடிவதில்லை. நிலையத்தில் நிலையான முகவரி வாங்கி வைத்து, களத்திலிருந்து அழைப்பதே வழக்கம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டையில் ஒலிபரப்பு என்றால் இணைப்போடு மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். மேடை விளக்குகளோடு ஒரே லைனில் கருவிகளைச் செருகினால் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்’ இரைச்சல் ஏறும். மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளும் ஒலிக்கான சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

எல்லாம் கைவிட்டால் சாதாரணத் தொலைபேசி அழைப்பு இருக்கிறது. 4ஜி வலையமைப்பில் வோல்டி குரல் அழைப்புக்கு டேட்டாவைவிட முன்னுரிமை தரப்படுகிறது. அதனால் கோடெக் திணறும் இடத்திலும் போன் பேச முடிவதுண்டு. தரம் குறைவுதான், ஆனாலும் வர்ணனை தொடரும். அந்தப் போன் அழைப்பை நிகழ்ச்சிக்கு முன்பே ஒருமுறை நிலையத்து மிக்ஸரில் இணைத்துப் பார்த்து வைப்பது நல்லது. மாற்றுகிற இடைவெளியை நிரப்ப அறிவிப்பாளரின் கையில் ஒரு இசைத்தட்டும் இருக்கட்டும்.