பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

ராணுவப் பதக்கம் கையில் கிடைத்தால் பலரும் முன்பக்கத்தைத்தான் ரசிக்கிறார்கள். அரசர் தலை, சிங்கம், ரிப்பனின் நிறம். விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் வெண்கலத்தால் ஆனது. பின்புறத்தின் நடுவட்டத்தில், வீரச்செயல் நடந்த நாளைப் பொறிப்பார்கள். இந்தப் பதக்கத்தை இருமுறை வென்றவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவர் மருத்துவர்கள். மூன்றாமவர் நியூசிலாந்தின் சார்ல்ஸ் அப்ஹாம். முதல் முறை 1941-ல் கிரீட் தீவில். இரண்டாம் முறை 1942 ஜூலையில் எகிப்தின் ருவெய்சாட் மேட்டில். அந்தச் சண்டையிலேயே காயம்பட்டு எதிரியிடம் சிக்கினார். பிறகு திரும்பத் திரும்பத் தப்பியோடப் பார்த்ததால், கடைசியில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டாவது விருதை அறிவித்தது 1945 செப்டம்பரில். அதற்குரிய நாளோ 1942-ஐச் சேர்ந்தது. இடைப்பட்ட சிறைவாசத்துக்கு அந்த வெண்கலத்தில் இடமில்லை.

சரி, சிறைக்குள்ளேயே காட்டிய துணிவுக்கு எந்த நாளைப் பொறிப்பது?

பகவல்பூர் காலாட்படையின் கேப்டன் மஹ்மூத் கான் துரானி மலாயாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டவர். இந்தியாவுக்குள் உளவாளிகளை அனுப்பும் திட்டத்தை உள்ளிருந்தே கெடுக்க முயன்றார். சந்தேகம் வந்ததும் சித்திரவதை தொடங்கியது. கூட்டாளிகளின் பெயரை அவர் சொல்லவில்லை. 1946-ல் பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. இந்த வெள்ளிப் பதக்கத்தின் பின்னால் பெயரோடு இருப்பது, விருதை அறிவித்த நாள். வாரக்கணக்கில் நீண்ட வேதனைக்கு வேறு எந்தத் தேதியைப் போட முடியும்?

துரானி எதிர்த்து நின்றது, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தையும்தான். அதே மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு லண்டன் பதக்கம் தருமா? எவருடைய அரசு தருகிறதோ, அவருடைய கணக்கைத்தான் பதக்கம் எழுதும்.

சிறைப்பட்டதற்கென்றே தனிப் பதக்கம் வைத்த நாடு அமெரிக்கா. முள்வேலிக்கு நடுவே கழுகு நிற்கும். அதுவும் 1985-ல்தான் வந்தது. முதல் உலகப்போரில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயரே பொறிக்காமல் கொடுத்தது. இந்தியப் படையினர் பலரின் பதக்கங்களில் எண்ணும் பெயரும் உண்டு. அந்த எழுத்துகளைத்தான் நம் வீடுகளில் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து அழிக்கிறோம். இன்னும் சிலர் ஒரே ஆளின் பதக்கங்களைப் பிரித்து, பழம்பொருள் கடையில் ஒவ்வொன்றாக விற்கிறார்கள். பிரிந்த பதக்கம் வெறும் உலோகம். அதை யார், எந்தப் போர்முனையில் பெற்றார் என்பதைக் கோத்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது.

தாத்தாவின் பதக்கம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால், துலக்காதீர்கள். விளிம்பையும் பின்புறத்தையும் படமெடுங்கள். எண்ணை ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள்.