தகட்டு வளைவுக் கணக்கும் கலைச்சொல் தெளிவும்

உலோகத் தகட்டை வளைத்துப் பொருள் செய்வோர் முதற்கண் அறிய வேண்டுவது, வளைக்குமுன் அத்தகடு எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டும் என்பதேயாம். இக்கணக்கினை இன்று வடிவமைப்பு மென்பொருள்கள் நொடியிற் செய்து தருகின்றன. ஆயினும், அவை கேட்கும் அளவுகளின் பெயர்ப்பொருளை உணராது எண்ணிடுவோர்க்குப் பிழையே விளையும். அப்பெயர்களைத் தமிழில் வழங்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

தகடு வளையுங்கால் அதன் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும். இரண்டிற்கும் இடையே நீளம் மாறாத இழை ஒன்று உண்டு. அதனை நடுநிலை இழை என்போம். உட்பரப்பிலிருந்து அவ்விழை இருக்கும் தொலைவைத் தடிமனால் வகுக்கக் கிடைப்பது 'கே' எண். வளைந்த பகுதியில் அவ்விழையின் நீளமே ஆங்கிலத்தில் 'பெண்ட் அலவன்ஸ்' எனப்படுவது. தடிமனைக் 'கே' எண்ணாற் பெருக்கி, உள் ஆரத்தோடு கூட்டி, ரேடியனில் அளந்த வளைகோணத்தாற் பெருக்க அந்நீளம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். தடிமன் 2 மி.மீ., உள் ஆரம் 2 மி.மீ., வளைகோணம் 90 பாகை, 'கே' எண் 0.4 என்க. 2 உடன் 0.8 கூட்ட 2.8, அதனை 1.571 ஆற் பெருக்க 4.40 மி.மீ. வரும். வெளியளவில் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 30 மி.மீ. ஆயின், ஆரமும் தடிமனும் சேர்ந்த 4 மி.மீ.யை ஒவ்வொன்றினின்றும் நீக்க, 46, 26 என்னும் நேர்ப்பகுதிகள் எஞ்சும். அவற்றோடு 4.40 சேர்ப்பின் விரிதகட்டின் நீளம் 76.40 மி.மீ. ஆகும்.

இதனையே வேறு வழியாலும் பெறலாம். நீக்கிய 8 மி.மீ.க்கும் சேர்த்த 4.40க்கும் உள்ள வேறுபாடு 3.60. வெளியளவுகளின் கூட்டுத்தொகையாகிய 80-இலிருந்து இதனைக் குறைப்பினும் 76.40 வரும். இது 'பெண்ட் டிடக்சன்' எனப்படும். ஒன்றற்குரிய எண்ணை மற்றொன்றன் கட்டத்தில் இடின், 80-இலிருந்து 4.40 கழிந்து 75.60 ஆகிவிடும். குறைய வெட்டிய தகட்டைப் பின்னர் நீட்டுதல் இயலாது.

'அலவன்ஸ்' என்பதனைப் பயணப்படி போலப் 'படி' என்று பெயர்ப்பினும், 'சலுகை' எனினும், செய்ய வேண்டுவது புலப்படாது. 'டிடக்சன்' என்பதற்குக் 'கழிவு' பொருந்துவதுபோலத் தோன்றும். ஆயின், பட்டறையில் அச்சொல் வெட்டி எறிந்த துண்டையும் குறிக்கும். ஆதலின் முன்னதனை 'வளைவுச் சேர்ப்பு' எனவும், பின்னதனை 'வளைவுக் குறைப்பு' எனவும் வழங்குதலே தக்கது. சேர்ப்பது எது, குறைப்பது எது என்பதைச் சொல்லே உணர்த்திவிடும். கோணத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. தகடு 60 பாகை திரும்பினால், இரு பக்கங்கட்கும் இடைப்பட்ட கோணம் 120 பாகை. மேற்கண்ட கணக்கிற்கு வேண்டுவது திரும்பிய கோணமே.

சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள், 'கே' எண், சேர்ப்பு, குறைப்பு, அட்டவணை ஆகியவற்றுள் ஒன்றனைத் தேர்ந்துகொள்ள விடுகின்றன. பயனர் எண் தாராவிடத்து மென்பொருள் தானே ஓர் எண்ணைக் கொள்ளுதலும் உண்டு. அவ்வெண் எல்லாத் தகட்டிற்கும் பொதுவன்று. உலோகம், ஆரத்திற்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம், வளைக்கும் முறை ஆகியவற்றால் 'கே' எண் வேறுபடும். மேற்கண்ட கணக்கில் 0.4க்கு ஈடாக 0.5 கொள்ளின், வளைவு ஒன்றற்கு 0.31 மி.மீ. மிகும், நான்கு வளைவுகட்கு ஏறத்தாழ 1.26 மி.மீ. மிகும்.

இதற்குத் தீர்வு எளிது. நீளம் அறிந்த துண்டொன்றை அதே பொறியில் வளைத்து, வெளியளவுகளைக் கூட்டி, முன்னைய நீளத்தைக் கழித்தால் வளைவுக் குறைப்புக் கிடைக்கும். அதிலிருந்து சேர்ப்பும், 'கே' எண்ணும் பெறப்படும். அளந்து பெற்ற எண்ணை உரிய பெயரின்கீழ் இட்டவழியே மென்பொருளின் கணக்கு மெய்க்கணக்காகும்.