கடம்ப மலரும் எய்ட்ஸ் தடுப்பு மருந்தும்

தடுப்பு மருந்து என்பது உடலுக்குப் புகட்டும் ஒரு பாடமாகும். நோய்க்கிருமி வந்து தாக்குமுன்னரே அதன் உருவத்தையோ உருவத்தின் ஒரு பகுதியையோ உடலுக்குக் காட்டி, ‘இவனை நினைவில் வைத்துக்கொள், இவன் வந்தால் விடாதே’ என்று சொல்லிவைப்பதே அதன் தொழில். இம்முறையினாலேதான் பெரியம்மை நம் நாட்டைவிட்டு 1975-ஆம் ஆண்டில் விடைபெற்றது. இளம்பிள்ளைவாதம் அற்ற நாடு என்ற சான்றிதழும் 2014-ஆம் ஆண்டில் நமக்குக் கிடைத்தது. ஆனால், எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரஸுக்கு எதிராக இந்தப் பாடத்தை எவராலும் இன்னும் வெற்றியுடன் நடத்த இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதையும், இப்போது விஞ்ஞானிகள் கையாளும் ஒரு புதிய முறையையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா அவர்களும் இக்கிருமியைத் தேடப் புறப்பட்டனர். ‘இது மேல்நாட்டார் நோய், நம்மிடம் இராது’ என்று பலரும் அடித்துப் பேசிய காலம் அது. திரட்டிய இரத்த மாதிரிகளை நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்து, பின்னர் ரயிலேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே.

மருந்தே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அரசாங்கம் அதை இலவசமாக வழங்கி வருகிறது. தொடக்கத்தில் வழங்கிய நிலையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. முறையாக உட்கொள்பவர் ஏனையோரைப் போல் நெடுநாள் வாழலாம். ஆயினும் மருந்தை ஆயுள் முழுவதும், நாள் தவறாமல் விழுங்கவேண்டும். கிருமி உடலணுக்களின் உள்ளேயே ஒளிந்திருந்து, மருந்து நின்றால் மீண்டும் தலையெடுக்கும். மருந்து தீர்க்காத இன்னொரு துன்பமும் உண்டு. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், தந்தையை இந்நோய்க்குப் பறிகொடுத்த ஒரு சிறுமியைத் தனியே உட்காரவைக்க வேண்டும் என்று சில பெற்றோர் திரண்டு வந்தனர். ஒரே பெஞ்சில் அமர்வதாலும் ஒரே குழாயில் நீர் பருகுவதாலும் இது தொற்றாது என்று அன்று மாலை முழுவதும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. சிறுமி தன் இடத்திலேயே இருந்தாள். வரும் முன் காக்கும் ஊசி ஒன்று இருந்தால் இத்தகைய அச்சத்துக்கே வேலையிராது.

அப்படியோர் ஊசிக்கான முயற்சி நம் சென்னையிலும் நடைபெற்றது. 2006-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், அம்மைப்பால் வைரஸின் வலுவிழந்த வகையொன்றில் எச்.ஐ.வி.யின் சில கூறுகளைப் பொருத்திச் செய்த மருந்து சோதிக்கப்பட்டது. நோயற்ற 32 பேர் தாமாக முன்வந்து கை நீட்டினர். இவர்களுள் எவருக்கும் அதனால் சொந்த ஆதாயம் ஏதுமில்லை. மருந்து தீங்கற்றது என்பதும் உடல் அதற்கு ஓரளவு விடையளிக்கிறது என்பதும் தெரிந்தன. காக்கும் வலிமை அதற்கு இருப்பதாகக் காட்டுவது அச்சோதனையின் நோக்கமன்று. உலகின் பிற பகுதிகளிலும் இதே கதைதான். தாய்லாந்தில் பதினாறாயிரம் பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காப்பு நூற்றுக்கு 31 என்ற அளவே. அதே முறையைத் திருத்தித் தென்னாப்பிரிக்காவில் செய்து பார்த்தார்கள். பயனில்லை என்று 2020-ஆம் ஆண்டில் நிறுத்தினார்கள்.

இவ்வளவு தோல்விக்கும் காரணம் என்ன? எச்.ஐ.வி. ஓர் உருண்டை. அதன் மேற்பரப்பில் கூர்முனைகள் சில நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் அணுக்களின் கதவைத் திறக்க அது பயன்படுத்தும் சாவி இந்தக் கூர்முனையே. ஆகவே நம் எதிர்ப்பொருள்கள் பற்றவேண்டிய இடமும் இதுவே. ஆனால் இந்தக் கிருமி மூன்று தந்திரங்களைக் கையாளுகிறது. முதலாவது, கூர்முனையைச் சர்க்கரைப் பொருள்களால் போர்த்துக்கொள்கிறது. அச்சர்க்கரை நம் உடலே செய்து தருவது. எனவே காவலருக்கு அது வீட்டு மனிதன் சட்டையாகத் தோன்றுகிறது. இரண்டாவது, ஓயாது உருமாறுகிறது. மூன்றாவதுதான் இன்றைய பேச்சுக்கு முக்கியமானது. இன்ஃபுளுவென்ஸா வைரஸின் மீது கூர்முனைகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன, எச்.ஐ.வி.யின் மீதோ ஏறத்தாழ 14 மட்டுமே, அவையும் எட்ட எட்ட.

எண்ணிக்கை குறைந்தால் என்ன கெட்டுவிட்டது என்று தோன்றும். எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணுவின் மேற்பரப்பில் பற்றுக்கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரே ஒரு கை ஒரே ஒரு முனையைப் பற்றினால் அந்த அணு பெரும்பாலும் விழித்தெழுவதில்லை. பல கைகள் ஒரே சமயத்தில் பல முனைகளைப் பற்றினால்தான், ‘பகைவன் வந்துவிட்டான்’ என்று உணர்ந்து அது பெருகத் தொடங்குகிறது. சித்திரைத் திருவிழாவில் தேர் வடத்தை ஒருவர் இழுத்தால் தேர் அசையுமா? ஒவ்வொரு பிடியும் தளர்ந்ததாயினும், பல பிடிகள் சேர்ந்தால் தேர் நகர்கிறது. கிருமிகள் பலவும் ஒரே உருவத்தை வரிசை வரிசையாக அடுக்கியவை; நம் உடலும் அந்த அடுக்கையே பகையின் அடையாளமாகக் கொள்ளப் பழகியிருக்கிறது.

அப்படியானால் எச்.ஐ.வி.யின் கூர்முனையை நாமே அடுக்கிக் காட்டினால் என்ன? இதுவே புதிய முறை. மதுரைக்குக் கடம்பவனம் என்றொரு பெயர் உண்டு. கடம்ப மரமே மீனாட்சியம்மன் கோயிலின் தல விருட்சம். கடம்ப மலரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். அது சிறு பந்து போன்றது. அதன் மேல் எத்திசையிலும் ஒரே நீளமுள்ள மெல்லிய முனைகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் போன்றதொரு பந்தைப் புரதத்தினால் செய்து, ஒவ்வொரு முனையிலும் கிருமியின் ஒரு கூறைப் பொருத்திவிடுகிறார்கள். நானோத் துகள் என்பது இதன் பெயர். குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் இத்தகைய பந்துகள் இரண்டாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம். விளாங்குடியில் மாலை நேரத்தில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு ரப்பர் பந்தும் ஒரு பெட்டிக் குண்டூசியும் கொண்டு இதைச் செய்து காட்டுவதுண்டு. ‘ஐயா, பந்து உள்ளே காலியாக இருக்குமா?’ என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி, ஆம், காலியாகவே இருக்கும்.

பந்துக்கு வேண்டிய புரதத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது சுவையான செய்தி. கொதிநீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. அக்குயிஃபெக்ஸ் என்று பெயர். ஏறக்குறைய கொதிக்கும் நீரிலும் அழியாதது. அது ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினைத் தயாரிக்கப் பயன்படுத்தும் புரதத்தின் 60 பிரதிகள், எவரும் கோக்காமலே ஒன்றோடொன்று பொருந்திப் பந்தாகின்றன. கொதிநீரில் நிலைப்பது ஊசிக் குப்பியில் நிலைக்காதா? அந்த அறுபதின் முனைகளிலும் கூர்முனையின் ஒரு சிறு கூறை ஒட்டினார்கள். ஊசி போட்டதும் இப்பந்துகள் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் செல்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த இடங்களே உடலின் வகுப்பறைகள். தனிக் கூறு அங்கு நெடுநேரம் தங்காது, பந்து தங்கும்.

இம்முறை முற்றிலும் புதிதன்று. 1986-ஆம் ஆண்டில் வந்த ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்து, ஈஸ்டில் வளர்த்த புரதத் துகளே; ஹைதராபாத் நிறுவனம் ஒன்று அதை 1997-ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே செய்து விலையை வெகுவாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் பரிந்துரைத்த ஆர்21 மலேரியா மருந்து, அதே துகளின் மேல் மலேரியாக் கூறைப் பொருத்தியது, புனேயில் தயாராகிறது. இயற்கையில் இல்லாத பந்துகளையும் இன்று கணிப்பொறியில் வரைந்து செய்கிறார்கள். அத்தகைய பந்தாலான கொரோனாத் தடுப்பு மருந்துக்குத் தென்கொரியா 2022-ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. புரதங்களைப் புதிதாக வரையும் கலைக்காக டேவிட் பேக்கர் 2024-ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்.

அந்தக் கலையின் அடிவாரத்தில் சென்னையின் கைவண்ணம் ஒன்று இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு மணியின் அருகிலும் சங்கிலி இரண்டு கோணங்களில் திரும்பலாம். எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் அவர்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963-ஆம் ஆண்டில் ஒரு படமாக வெளியிட்டார். புரதத்தின் உருவத்தை எவர் கண்டறிந்தாலும், எவர் வரைந்தாலும், அது சரியா என்று பார்க்க இன்றும் ‘இராமச்சந்திரன் படம்’ என்பதையே எடுக்கின்றனர். நம் பள்ளிப் புத்தகங்களில் அவருக்குத் தந்திருக்கும் இடம் போதாது என்பது என் கருத்து.

மீண்டும் எச்.ஐ.வி.க்கு வருவோம். கூர்முனையை அடுக்கிக் காட்டினால் மட்டும் போதாது. இக்கிருமியின் பல வகைகளையும் ஒருங்கே வெல்லும் எதிர்ப்பொருள்கள் நோயாளிகளுள் சிலரிடம் மட்டும், அதுவும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே தோன்றுகின்றன. 2010-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அவ்வெதிர்ப்பொருளாக வளரக்கூடிய இளம் வெள்ளணு நம்மிடையே பல இலட்சத்தில் ஒன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையான கூர்முனையை அதற்குப் பற்றவே தெரியாது. அரிச்சுவடி படிக்காத குழந்தையின் கையில் திருக்குறளைக் கொடுத்தால் என்ன ஆகும்? எனவே, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் ஷீஃப் குழுவினர், அந்த இளம் அணுவின் கைக்கு அடங்கும்படி கூறின் உருவத்தைத் திருத்தி அறுபது முனைப் பந்தில் பொருத்தினர். இது முதல் வகுப்பு. அடுத்தடுத்த ஊசிகளில் உண்மைக் கூர்முனையை மேலும் மேலும் ஒத்த உருவங்களைக் காட்டிப் படிப்படியாக மேல் வகுப்புக்கு ஏற்றவேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்ற விதியை ஆராய்ச்சிசாலையில் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

அமெரிக்காவில் 48 பேரிடம் நடத்திய முதற்சோதனையின் முடிவு 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து பெற்ற 36 பேரில் 35 பேருக்கு அந்த அரிய இளம் அணுக்கள் விழித்தெழுந்து பெருகியிருந்தன. தவறிய ஒருவரிடம், அவ்வணு தோன்றுவதற்கு வேண்டிய மரபுக்கூறின் ஏற்ற வடிவமே இல்லை என்று பின்னர் தெரிந்தது. பல நாட்டு மக்களிடமும் சோதிக்கவேண்டிய அவசியம் இதனால்தான். ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 18 பேரிடம், பந்தைச் செய்யும் குறிப்பை மட்டும் எம்.ஆர்.என்.ஏ. வடிவில் கொடுத்து உடலையே பந்தைச் செய்யவைத்தார்கள். 17 பேருக்குப் பலித்தது. அதே வகை மருந்தைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய இணைச் சோதனையில், இரண்டாவதாக வேறொரு பந்தைக் காட்டியதும் அணுக்கள் மேலும் ஒரு படி ஏறின. இவ்விரண்டின் முடிவுகளும் 2025-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தன. சிலருக்கு உடலில் தடிப்பும் அரிப்பும் கண்டன. அதை நீக்குவது ஒரு வேலையாக நிற்கிறது. இவர்களில் எவரும் இன்னும் நோயிலிருந்து காக்கப்பட்டவர் அல்லர். தேறியது தொடக்க வகுப்பே. அதே மாத இறுதியில், இவ்வாராய்ச்சியின் இரு பெரும் கூட்டமைப்புகளுக்கு அளித்துவந்த நிதியைத் தொடரப்போவதில்லை என்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. பாதி வழி வந்த பிள்ளைகளை வகுப்பிலிருந்து அனுப்புவது போன்றது இது என்பேன்.

நம் நாட்டில் பரவியிருப்பது பெரும்பாலும் ‘சி’ என்னும் வகைக் கிருமி. டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், இவ்வகைக் கிருமியோடு வாழ்ந்த ஓர் இந்தியக் குழந்தையின் இரத்தத்திலிருந்து, பல வகைகளையும் வெல்லும் எதிர்ப்பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து 2020-ஆம் ஆண்டில் அறிவித்தனர். வி.ஆர்.சி.01 பற்றும் இடத்தை அன்றி, கூர்முனையின் வேறோர் இடத்தை அது பற்றுகிறது. கிருமி ஓரிடத்தை மாற்றித் தப்பினாலும் மற்றோரிடத்தில் பிடிபடவேண்டுமாதலால், வரப்போகும் மருந்து இத்தகைய எதிர்ப்பொருள்களில் இரண்டு மூன்றையேனும் தூண்டவேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு பந்து, அதன் மேல் ஒரு முதல் உருவம், பிறகு அதைத் தொடரும் உருவங்கள் என்று வரிசையாகச் செய்தாகவேண்டும்.