வாழ்வின் இறுதிக்கட்டப் பராமரிப்பில் செவிலியரின் அறச்சிக்கல்கள்

மீள முடியாத நோயில் இருப்பவரின் விருப்பமும் குடும்பத்தினரின் விருப்பமும் மாறுபடும்போது, அவரைப் பராமரிக்கும் செவிலியர் பல அறச்சிக்கல்களை எதிர்கொள்கின்றனர். இந்தியாவில் உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடர்வது குறித்த முடிவு பெரும்பாலும் மருத்துவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் இடையே எடுக்கப்படுகிறது. நோயாளியின் அருகில் அதிக நேரம் இருப்பவரோ செவிலியர். பல சிக்கல்கள் இந்த இடைவெளியில் எழுகின்றன.

அருணா ஷான்பாக் வழக்கு

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்குள்ள ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு நினைவற்ற நிலையை அடைந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை அம்மருத்துவமனையின் செவிலியர்களே அவரைப் பராமரித்தனர். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று தள்ளுபடி செய்தது. அருணாவின் சார்பில் பேசும் தகுதி அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என நீதிமன்றம் கூறியது. அவர் வாழ வேண்டும் என்பது ஊழியர்களின் விருப்பம். அருணாவின் சொந்த விருப்பத்தை அறிய வழி இருக்கவில்லை.

சட்டநிலை

கண்ணியத்துடன் இறப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்கூட்டிய மருத்துவ உயிலை ஏற்றது. 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றால் போதும். சிகிச்சையை விலக்குமுன் தலா மூவர் கொண்ட இரு மருத்துவக் குழுக்கள் நோயாளியின் நிலையை ஆராய வேண்டும்.

பொதுவான சிக்கல்கள்

உண்மையை மறைத்தல்: நோயின் தீவிரத்தை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் எனக் குடும்பத்தினர் கேட்பதுண்டு. நோயாளி நேரடியாகக் கேட்கும்போது செவிலியரால் பொய் சொல்லவும் முடிவதில்லை, உண்மையைச் சொல்லவும் முடிவதில்லை.

உறவினர்களிடையே கருத்து வேறுபாடு: மனைவி கருவிகள் வேண்டாம் என்பார், வெளியூரிலிருந்து வரும் மகன் வென்டிலேட்டரைத் தொடரச் சொல்வார். இருவரின் கோபமும் படுக்கையருகே நிற்கும் செவிலியர்மீதே விழும்.

வலிநீக்கம்: மார்ஃபின் உயிரைப் பறித்துவிடும் எனக் குடும்பத்தினர் அஞ்சித் தடுக்கலாம். உரிய அளவில் கண்காணிப்புடன் கொடுக்கப்படும் மார்ஃபினின் நோக்கம் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பதே.

அறத்துயர்

சரியானது எது எனத் தெரிந்தும் அதைச் செய்ய இயலாதபோது ஏற்படும் மனவேதனை அறத்துயர் எனப்படும். செவிலியப் பணி தொடர்பாக இக்கருத்தை 1984இல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் விளக்கினார். குணமாகும் வாய்ப்பில்லை என அறிந்தும் ஊசிகளையும் குழாய்களையும் தொடர வேண்டிய நிலை இதற்கு எடுத்துக்காட்டு.

செவிலியரின் பங்கு

இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் "என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என நோயாளி சொல்வது மருத்துவ உயில் ஆகாது. ஆனால் அது வீணான பேச்சும் அன்று. அதை நோயாளியின் சொற்களிலேயே நாள், நேரத்துடன் நோயாளியின் பதிவேட்டில் எழுதி, மருத்துவரிடம் தெரிவிக்கலாம். குடும்பத்தினர் அனைவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசும் கூட்டத்தைக் கோரலாம். அக்கூட்டத்தில் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதைவிட "அவர் பேச முடிந்தால் என்ன கேட்பார்?" என்ற கேள்வி பயன் தரும். நோயாளி பேசும் திறனை இழந்தபின் அக்கேள்விக்கு விடை தேட, முன்பே எழுதி வைத்த பதிவு உதவுகிறது.