கொஞ்ச நேரமே ஓடும் மின் நிலையம்

சென்னை பேசின் பாலத்தில் 1996-ல் ஓடத் தொடங்கிய எரிவாயு சுழலி மின் நிலையத்தின் பெயர் சற்றுக் குழப்பும். குழாயில் வரும் வாயுவுக்காக வைத்த பெயரல்ல அது. எரிபொருள் நாப்தா, அதாவது பெட்ரோலுக்கு நெருங்கிய உறவான எண்ணெய். அது எரிந்து உண்டாகும் சூடான வாயு சுழலியைச் சுற்றுவதால் வந்த பெயர். தலா 30 மெகாவாட்டில் நான்கு சுழலிகள். குளிர்ந்து கிடக்கும் நிலக்கரிக் கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் ஆகும். இந்த வகைச் சுழலியோ அரை மணிக்குள் தயார். தண்டை முதலில் வேறொரு மோட்டாரோ என்ஜினோ சுற்றிவிடும். அமுக்கி காற்றை இழுத்து நெருக்கும். எரியறையில் எண்ணெய் தூவலாகப் பீய்ச்சப்பட்டுப் பொறி பட்டதும் பற்றும். பிறகு சுழலி தன் வேகத்திலேயே ஓடும். ஊரே விளக்கையும் ஏசியையும் போடும் மாலை நேரத்துக்கு ஏற்ற இயந்திரம்.

அந்த வேகம் சும்மா வருவதில்லை. இத்தகைய சிறு சுழலிகளில் எண்ணெயின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாவதில்லை. மீதியில் பெரும்பகுதி 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் புகையோடு போய்விடும். அதனால் யூனிட்டுக்குச் சுமார் 900 கிராம் கரியமில வாயு. ஏறக்குறைய நிலக்கரியின் அளவு. நாப்தாவில் கந்தகம் குறைவு, சாம்பலும் இல்லை என்பதை மறுக்க முடியாது. தொல்லை தருபவை நைட்ரஜன் ஆக்சைடுகள். 1,500 டிகிரியைத் தாண்டும் சுடரில், காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. சுடருக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் இது குறையும். ஆனால் சுழலி சுமையேறி நிலைபெற்ற பிறகே அப்படிச் செய்யலாம். எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடும் எரியாத எண்ணெய் ஆவியும் மிகுவதும் அதே தொடக்க நிமிடங்களில்தான். நின்று நின்று ஓடும் நிலையத்தில் அந்த நிமிடங்கள் அடிக்கடி வரும்.

ஆண்டில் கொஞ்ச நேரம் ஓடுவதைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்கலாம். ஆண்டு மொத்தத்தை டன்னில் பார்த்தால் கேள்வி நியாயம்தான். ஆனால் பொழுது சாய்ந்ததும் தரையை ஒட்டிய காற்று அடங்கிவிடும்; வாகனப் புகையும் அப்போது மிகுந்திருக்கும். வடசென்னைவாசி சுவாசிப்பது அந்த மணி நேரத்துக் காற்றை. ஆகவே கணக்கை மணிவாரியாக, ஸ்டார்ட் செய்த நிமிடங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: மின்வெட்டு வந்தால் தெருவுக்குத் தெரு டீசல் ஜெனரேட்டர் உறுமும், அதன் புகை சன்னல் உயரத்திலேயே வரும். முழுக்க உண்மை. ஆனால் ஜெனரேட்டரோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்த காலம் போய்விட்டது. பகல் வெயிலின் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரித் தொகுப்பு நொடிக்குள் சுமை தாங்கும். மாலையின் இரண்டு, மூன்று மணி நேரத்தைச் சமாளிக்கும். புயலில் மின் கோபுரங்கள் சாய்ந்து நாள்கணக்கில் ஊர் இருண்டால் பேட்டரி காலியாகிவிடும். அன்று நாப்தாச் சுழலியை ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வழக்கமான வெயில்கால மாலைக்காக அதை ஸ்டார்ட் செய்வதானால், அங்கே பேட்டரி ஏன் இல்லை என்றுதான் முதலில் கேட்பேன்.